தலையைப் பார்த்தால் ஊர் தெரியும்: குரோஷியாவில் 10 நாட்கள்

நாள் 1, வெள்ளி. ஜாக்ரெப்

காலை ஏழரைக்கே டோலாட்ஸ் சந்தைக்குப் போய்விட்டோம். ஊரின் பெரிய சதுக்கத்திலிருந்து படிக்கட்டு ஏறினால் சந்தை. 1930 முதல் அதே இடத்தில் நடக்கிறது. ஒவ்வொரு கடைக்கும் மேலே ஒரு சிவப்புக் குடை. சிவப்புக்கு நடுவே பல நிறங்களில் பட்டை ஓடுகிறது. ஜாக்ரெப்புக்கு வடக்கே மலைச்சரிவில் இருக்கும் ஷெஸ்டினே என்ற ஊரின் குடை அது. அந்த ஊர்ப் பெண்களின் உடையோடு சேர்ந்து பிறந்தது, பிறகு நகரத்தின் அடையாளமாகவே ஆகிவிட்டது.

படிக்கட்டின் உச்சியில் வெண்கலத்தில் ஒரு பெண், தலையில் கூடையோடு நிற்கிறாள். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து காய்கறியும் பாலும் கொண்டுவந்து விற்ற பெண்களை இங்கே 'குமிட்சா' என்பார்கள். ஞானத்தாயைக் குறிக்கும் 'கூமா' என்ற சொல்லைச் செல்லமாகச் சுருக்கினால் குமிட்சா. ஒரு நகரம் தனக்குச் சோறு போட்ட காய்கறிக்காரிக்குச் சிலை வைத்திருக்கிறது. அதைப் பார்த்ததுமே இந்த ஊர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

என் அக்கா தையல்காரி. முப்பது வருடமாக ஊசி பிடித்த கை. இந்தப் பயணமே அவளுக்காகத்தான். குரோஷியாவின் பழைய தலை உடைகளைப் பற்றி எங்கோ படித்துவிட்டு, "ஒரு தடவை நேர்ல பாத்துட்டு வந்துடலாம்டி" என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலாடைக்கட்டி விற்கும் பகுதியில் ஒரு பாட்டி. பூப்போட்ட துணியைத் தலையில் போட்டு மோவாய்க்குக் கீழே முடிந்திருந்தார். பக்கத்துக் கடைப் பெண் ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க, அக்கா தலைத்துணியைக் காட்டிக் கேட்டாள். பாட்டி முதலில் சிரித்தார். அப்புறம் நிறுத்தவே இல்லை.

அவர் பாட்டி காலத்தில், கல்யாணமாகாத பெண் திருவிழா நாளில் தலையில் 'பார்ட்டா' வைப்பாளாம். ரிப்பன், கண்ணாடி மணி எல்லாம் வைத்துத் தைத்த கிரீடம் மாதிரியான அணி. கல்யாணத்தன்று மணப்பெண்ணுக்கு மலர்முடி. நள்ளிரவில் பாட்டுப் பாடிக்கொண்டே அந்த முடியைக் கழற்றுவார்கள். கழற்றிய இடத்தில், மணமான பெண்கள் போடும் 'பொட்சூலிட்சா' என்ற குல்லாயையோ ஒரு தலைத்துணியையோ கட்டிவிடுவார்கள். அதன் பிறகு அவள் கூந்தலை வெளியார் பார்க்க முடியாது. "எல்லாரும் ஆடுவார்கள், அவள் மட்டும் அழுவாள்" என்று சொல்லிவிட்டு, பாட்டி எங்களுக்குக் கால் கிலோ பாலாடைக்கட்டி நிறுத்துக் கொடுத்தார்.

மதியம் இனவியல் அருங்காட்சியகம் இருக்கும் சதுக்கத்துக்கு நடந்தோம். 1919-இல் தொடங்கிய நிறுவனம். தொடங்கியவர் சாலமன் பெர்கர், துணி வியாபாரி. ஸ்லோவாக்கியாவில் பிறந்து இங்கே வந்து, கிராமத்து நெசவையும் பூவேலையையும் வெளிநாட்டுக் கண்காட்சிகளுக்கு எடுத்துப்போனவர். தான் சேர்த்ததையெல்லாம் கொடுத்து அருங்காட்சியகமாக்கி, முதல் இயக்குநராகவும் இருந்தார். துணியின் அருமை துணி வியாபாரிக்குத் தெரிந்திருக்கிறது என்று அக்கா சொன்னாள்.

நாள் 2, சனி. ஜாகொவோ

கிழக்கே ஸ்லவோனியா சமவெளிக்கு வந்துவிட்டோம். இரு பக்கமும் கோதுமையும் சோளமும்தான், மலை என்பதே கண்ணில் படவில்லை. ஜாகொவோவில் செங்கல் நிறத்தில் ஒரு பேராலயம். பிஷப் ஸ்ட்ரோஸ்மாயர் 1866-இல் தொடங்கி 1882-இல் முடித்தது. 1967-லிருந்து ஒவ்வொரு கோடையிலும் இந்த ஊரில் நாட்டுப்புற உடைத் திருவிழா நடக்கிறது. அதன் பெயரே 'ஜாகொவோ பூவேலைகள்'. நாங்கள் வந்த தேதி அதற்கு முந்தியது. வந்தது வேறு ஒன்றுக்காக, அது நாளைக்கு.

நாள் 3, பெந்தகோஸ்து ஞாயிறு. கொர்யானி

ஜாகொவோவிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு சிறு கிராமம் கொர்யானி. ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் பெந்தகோஸ்து ஞாயிறன்று இந்த ஊர்ப் பெண்பிள்ளைகள் 'ல்யேல்யே' ஆகிறார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய ஊர்வலம் இது.

தெருமுனையில் நின்றோம். முதலில் தம்புரிட்சா வாத்தியம் கேட்டது, மாண்டலின் மாதிரி சத்தம். அப்புறம் அவர்கள் வந்தார்கள். இரண்டு வகை. ஒரு வகை 'ராஜாக்கள்'. பெண்பிள்ளைகள்தான், ஆனால் தலையில் ஆண்கள் போடும் தொப்பி, கையில் உருவிய வாள். தொப்பி என்று நான் சொல்வதைக் கேட்டுச் சாதாரணத் தொப்பியை நினைத்துவிடாதீர்கள். தொப்பி இருப்பதே தெரியாத அளவுக்கு அதைச் சுற்றியும் மேலேயும் பூக்கள். சிவப்பு, மஞ்சள், வெள்ளை, நடுவே பளபளவென்று ஏதேதோ. தலைக்கு மேல் ஒரு பூந்தொட்டியைக் கவிழ்க்காமல் நிமிர்த்தி வைத்த மாதிரி இருந்தது. இன்னொரு வகை 'ராணிகள்'. அவர்கள் தலையில் மணப்பெண் வைப்பது போன்ற வெள்ளை மலர்முடி. வாள் கிடையாது.

ஒவ்வொரு வீட்டு முற்றத்திலும் நுழைகிறார்கள். பாடுகிறார்கள். ராஜாக்கள் வாள்களை அசைத்தபடி ஆடுகிறார்கள். வாள் ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் கலந்து சாதாரண நடனம், வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். பிறகு தின்பண்டம், குடிக்க ஏதாவது, கொஞ்சம் ஓய்வு. அடுத்த வீடு.

ஊர்க்காரர்கள் சொல்லும் கதை இது. ஒட்டோமான் படை வந்து கிராமத்து ஆண்களைப் பிடித்து அடைத்துவிட்டது. பெண்கள் விசித்திரமாக வேஷம் கட்டி, தலையில் பூவும் கையில் வாளுமாகப் பாடிக்கொண்டு போனார்கள். பார்த்தவர்கள் ஆவிகள் என்று பயந்து ஓட, பெண்கள் ஆண்களை மீட்டு வந்தார்கள். நடந்ததோ இல்லையோ, அந்தப் பூத்தொப்பிகள் வரிசையாகத் தெருவில் திரும்பியபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது உண்மை.

இரண்டாவது வீட்டில் ஒரு ராஜாவின் தொப்பி சாய்ந்துவிட்டது. பதினைந்து வயதுதான் இருக்கும். வாளைத் தன் ராணியிடம் கொடுத்துவிட்டு மதில் ஓரம் வந்தாள். அவள் அம்மா ஓடிவந்து வாயில் இரண்டு ஊசியைக் கவ்விக்கொண்டு சரிசெய்தாள். நாங்கள் ஒரு முழம் தள்ளி நின்றதால் தொப்பியின் பின்பக்கம் தெரிந்தது. முன்னால் அத்தனை பூ. பின்னால் தையல், தையல் மேல் தையல், கறுப்பு நூலில் இழுத்து இழுத்துப் போட்ட முடிச்சுகள், விளிம்பில் வியர்வைக் கறை. அந்தத் தொப்பி எத்தனை தலைகளில் ஏறி இறங்கியிருக்கும் என்று யோசித்தேன். அக்கா என் கையைப் பிடித்து அழுத்தினாள். "பின்பக்கத்தைப் பாரு. அதுலதான் வேலை இருக்கு."

சரிசெய்ததும் அந்தப் பிள்ளை வாளை வாங்கிக்கொண்டு, அம்மாவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வரிசையில் போய் நின்றாள். நடையே மாறிவிட்டிருந்தது. தோள் நிமிர்ந்து, அடி அகலமாக. ஆண் தொப்பியும் வாளும் ஒரு நாளைக்கு அவளுடையவை. அந்த நாள் முழுக்க அவளும் ராஜாதான்.

நாள் 4, திங்கள். ஜாகொவோ

தங்கியிருந்த வீட்டு அம்மாவிடம் நேற்றுப் பார்த்ததைச் சொன்னோம். அவர் உள்ளே போய்த் துணியில் சுற்றிய ஒரு அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்தார். "என் கொள்ளுப்பாட்டியுடையது" என்று திறந்தார்.

ஷாமியா. ஸ்லவோனியாவில் மணமான பெண்ணின் தலை உடை. கருஞ்சிவப்புத் துணியில் தங்க ஜரிகைப் பூவேலை. அதைத் தலையில் கட்டும்போது பூவேலை இருக்கும் பாகம் சரியாக வெளியே தெரிகிற மாதிரி மடிக்க வேண்டும். மடிப்பதற்கே ஒருத்தி வேண்டும், தனக்குத்தானே கட்டிக்கொள்வது சிரமம் என்றார்.

இந்த ஜரிகை வேலைக்கு இங்கே ஸ்லாட்டோவெஸ் என்று பெயர். முதலில் பூ, இலை வடிவங்களை அட்டையில் வெட்டித் துணிமேல் பொருத்துகிறார்கள். தங்க நூலை அந்த அட்டையின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறி மாறிப் போட்டு, ஒவ்வொரு திருப்பத்திலும் சாதாரண நூலால் பிடித்துத் தைக்கிறார்கள். தங்க நூல் துணிக்குள் இறங்குவதே இல்லை, மேலேயே இருக்கிறது. அட்டை உள்ளே இருப்பதால் பூ மேடாக எழும்பி நிற்கிறது, வெளிச்சம் பட்டால் ஒரு பக்கம் மின்னி ஒரு பக்கம் நிழல் விழுகிறது. அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அரைமணி நேரம் பார்த்தாள். ஒரு இலையின் நுனியில் ஜரிகை தேய்ந்து உள்ளிருக்கும் அட்டை பழுப்பாக எட்டிப்பார்த்தது. விரலால் தொடப்போய், தொடாமல் நிறுத்திக்கொண்டாள். "நாங்களும் சில வேலைக்கு அட்டை வெச்சுத் தைப்போம். ஆனா இவ்வளவு நெருக்கமா என்னால முடியாது" என்றாள். அவள் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

கல்யாணமாகாதவர்கள் என்ன போடுவார்கள் என்று கேட்டேன். ஒன்றும் போட மாட்டார்கள், கூந்தல்தான் அணி என்றார் வீட்டு அம்மா. பல கால்களாகப் பிரித்து, பாய் முடைவது போல அகலமாகப் பின்னிவிடுவார்களாம். கல்யாணமானால் அதெல்லாம் துணிக்குள் போய்விடும். ஞாயிறு பூசைக்கு வரும் கூட்டத்தைக் கோயில் வாசலில் நின்று பார்த்தால், யார் கன்னி, யார் புதுப்பெண், யார் வயதானவள், யார் துக்கத்தில் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை பேசாமல் தெரிந்துவிடுமாம். வயது ஏற ஏற நிறம் இருளும். துக்கம் வந்தால் தங்கம் பெட்டிக்குள் போகும்.

கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் இரவு படுத்தபோது வேறு மாதிரி தோன்றியது. ஒரு பெண்ணின் வாழ்க்கையில் நடந்ததையெல்லாம் அவள் தலைமேலேயே எழுதி ஊருக்குக் காட்டியிருக்கிறார்கள். பிள்ளை இறந்த வீட்டுக்காரி அதை யாரிடமும் சொல்லாமல் ஒரு நாளாவது தெருவில் நடந்திருக்க முடியாது. அந்த ஜரிகையை எத்தனை நேசிக்கிறேனோ அத்தனை இதுவும் உறுத்துகிறது.

நாள் 5, செவ்வாய்

முழுநாளும் பேருந்து. ஜாக்ரெப் வழியாகத் தென்மேற்கே கோஸ்பிச்சுக்கு. ஒரு இணைப்பு வண்டி சொன்ன நேரத்துக்கு முன்பே கிளம்பிவிட்டதால் நிலையத்தில் நான்கு மணி நேரம் காத்திருந்தோம். எழுத வேறொன்றும் இல்லை.

நாள் 6, புதன். லீக்கா

குளிர். வெலெபித் மலைத்தொடருக்கு உள்பக்கம் இருக்கும் மேட்டுநிலம் லீக்கா. புல்வெளி, ஆடுகள், கல். காலையில் ஸ்மில்யான் போனோம், நிக்கோலா டெஸ்லா 1856-இல் பிறந்த கிராமம். அவர் வீடும் அப்பா பாதிரியாராக இருந்த ஆர்த்தடாக்ஸ் தேவாலயமும் நினைவிடமாக இருக்கின்றன.

மதியச் சாப்பாட்டுக்கடையில், சுவரில் மாட்டியிருந்தது நாங்கள் தேடிவந்த லீக்கா தொப்பி. சிவப்புக் கம்பளித் துணி, தட்டையான உச்சி. சுற்றிலும் கறுப்பு. பின்னால் கறுப்பு நூல் குஞ்சம் கழுத்தில் தொங்குகிறது. ஆண்களின் தொப்பி. கடைக்காரர் எங்கள் பார்வையைப் பார்த்துவிட்டுக் கழற்றி மேசைமேல் வைத்தார். கூடவே ஒரு தட்டில் 'ஷ்க்ரிபாவட்ஸ்', கடித்தால் பல்லில் கிறீச்சிடும் பாலாடைக்கட்டி.

சிவப்பு இரத்தமாம், கறுப்பு துக்கமாம். 1493 செப்டம்பர் 9 அன்று இங்கிருந்து தூரமில்லாத கிர்பாவா வெளியில் ஒட்டோமான் படையிடம் குரோஷியப் படை தோற்றது. பிரபுக்கள் பலர் ஒரே நாளில் மாண்டார்கள். அந்தத் துக்கத்தைத்தான் தலையில் சுமக்கிறோம் என்று பெரியவர்கள் சொல்வதாகச் சொன்னார். இதே தொப்பியை லீக்காவில் வாழ்ந்த செர்பியர்களும் தங்களுடையது என்று போட்டார்கள். அவர்கள் அந்தக் கறுப்புக்குச் சொல்லும் கதை, செர்பியர்கள் ஒட்டோமான் படையோடு மோதிய கொசோவோ போர்க்களத்தின் துக்கம். ஒரே குஞ்சம், இரண்டு துக்கம். கடைக்காரர் இதைச் சண்டையாகச் சொல்லவில்லை. குஞ்சத்தை விரலால் கோதியபடி, "குளிர் எல்லாருக்கும் ஒன்றுதான்" என்றார்.

இங்கேதான் எனக்கு ஒன்று பிடிபட்டது. இந்தத் தொப்பியைப் போட்டவனைப் பார்த்து அவன் லீக்காக்காரன் என்று சொல்லலாம். கல்யாணமானவனா, மனைவியை இழந்தவனா, சொல்லவே முடியாது. ஆண் தொப்பி ஊரைச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. பெண்ணின் தலைத்துணியோ ஊரையும் சொல்லி, வீட்டுக்குள்ளும் கூட்டிப்போய்விடுகிறது. அக்காவிடம் சொன்னேன். "இதுக்கா இவ்வளவு தூரம் வந்தே? எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள்.

நாள் 7, வியாழன். பாக் தீவு

வெலெபித்தைத் தாண்டியதும் கடல். 1968-இல் கட்டிய பாலம் வழியாகப் பாக் தீவு. தரை நிலா மாதிரி இருக்கிறது, மரமே இல்லை. 'பூரா' என்ற மலைக்காற்று கடலிலிருந்து உப்பை வாரி நிலத்தில் இறைக்கிறது. அந்த உப்புப் படிந்த புல்லை மேயும் செம்மறியாடுகளின் பாலில்தான் இங்கே புகழ்பெற்ற பாலாடைக்கட்டி. ஊருக்கு வெளியே உப்பளம். இந்த ஊரை 1443-இல் புதிதாகத் திட்டமிட்டுக் கட்டினார்கள், வரைந்தது யூராய் தல்மாதினட்ஸ் என்ற சிற்பி. தெருக்கள் கோடு போட்ட மாதிரி நேராக இருக்கின்றன. அவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், சனிக்கிழமை மறுபடி வருவார்.

நாள் 8, வெள்ளி. பாக்

காலை ஒன்பது மணிக்குக் குறுகிய சந்து ஒன்றில் வாசற்படியில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். மடியில் கெட்டியான ஒரு தலையணை. அதன் மேல் காகிதம், காகிதத்தின் மேல் வெள்ளை நூல். லேஸ் பின்னிக்கொண்டிருந்தார்.

லேஸ் என்றாலே குரோஷே ஊசியோ மரக்கட்டைகளோ நினைவுக்கு வரும். பாக் லேஸுக்கு வேண்டியது சாதாரணத் தையல் ஊசி ஒன்று, மெல்லிய நூல் ஒன்று. துணியே கிடையாது, ஊசியால் காற்றில் தைக்கிறார்கள் என்று சொல்லலாம். முதலில் சக்கரத்தின் ஆரங்கள் போல நூலைக் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டுகிறார். பிறகு அந்த நூல்களின் மேல் காஜாத் தையல் மாதிரி ஒவ்வொன்றாகப் போட்டு நிரப்புகிறார். அக்காவுக்குத் தெரிந்த தையல்தான், அதை இப்படிச் செய்யலாம் என்பதுதான் தெரியாதது. வட்டம், வட்டத்துக்குள் முக்கோணம், முக்கோணத்தின் நுனியில் கடுகளவு வளையம். வரைபடம் எதுவும் பார்க்கவில்லை. "எங்கே வரைந்து வைத்திருக்கிறீர்கள்?" என்று அக்கா சைகையில் கேட்டாள். அவர் ஊசியால் தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினார்.

உள்ளங்கை அகல வட்டம் ஒன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று கேட்டேன். மணிக்கணக்கில் சொல்லவில்லை, நாள் கணக்கில் சொன்னார். விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் பயணிகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது. அந்த அம்மாவின் ஆட்காட்டி விரல் நுனியைப் பார்த்திருந்தால் பேரம் பேச மனம் வராது. தோல் தடித்து, ஊசி குத்திக் குத்திச் சல்லடை மாதிரி இருந்தது.

இந்த லேஸ் முதலில் போய்ச் சேர்ந்த இடங்களில் ஒன்று பெண்களின் தலைதான். பாக் உடையில் தலைத்துணிக்குப் பெயர் பொக்ரிவாச்சா. பெரிய வெள்ளைத் துணி, ஓரம் முழுக்க லேஸ். கஞ்சி போட்டு, விறைப்பாக்கி, மடித்துத் தலையில் வைத்தால் இரு பக்கமும் கூரை மாதிரி விரிந்து நிற்கிறது. ஊரின் லேஸ் காட்சியகத்தில் ஒன்றைப் பார்த்தோம். முகத்துக்குப் பக்கத்தில் அந்த லேஸ் ஓரம் வரும்போது வெயில் அதன் வழியே விழுந்து கன்னத்தில் கோலம் போடும். அந்த நிழலுக்காகவே ஓரத்தில் லேஸ் வைத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றியது.

புனித மார்கரீத்தா மடத்துப் பெனடிக்டின் கன்னியாஸ்திரிகள் தலைமுறை தலைமுறையாக இந்தக் கைவேலையைக் காப்பாற்றி வந்திருக்கிறார்கள். 1906-இல் ஊரில் லேஸுக்கென்றே ஒரு பள்ளி தொடங்கினார்கள். பாக், லெபோக்லாவா, ஹ்வார் ஆகிய மூன்று ஊர்களின் லேஸையும் 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. ஹ்வாரில் கற்றாழை நாரை நூலாக எடுத்துப் பின்னுகிறார்களாம், அதை இந்தப் பயணத்தில் பார்க்க முடியவில்லை.

அக்கா ஒரு சிறு வட்டம் வாங்கினாள். காகிதத்தில் சுற்றி, புத்தகத்துக்குள் வைத்து, அந்தப் புத்தகத்தைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பையில் போட மாட்டேன் என்றுவிட்டாள்.

நாள் 9, சனி. ஷிபெனிக், அப்புறம் பேருந்து

நான்கு மணி நேரம்தான் கிடைத்தது. யூராய் தல்மாதினட்ஸ் இங்கேதான் மறுபடி வருகிறார். 1441 முதல் சாகும்வரை அவர் தலைமையில் கட்டிய புனித யாக்கோபு பேராலயத்தின் பின்புறச் சுவரைச் சுற்றி, கல்லில் 70-க்கும் மேற்பட்ட மனிதத் தலைகள். எல்லாம் வேறு வேறு முகங்கள். ஊரில் நடமாடியவர்களின் முகங்கள் என்பார்கள். ஒருவன் தலைப்பாகை கட்டியிருக்கிறான், மீசை வேறு. தொப்பி, வெறுந்தலை, சுருட்டை முடி, எல்லாம் இருக்கிறது. தலைகளைத் தேடி வந்த எங்களுக்கென்றே செதுக்கி வைத்த மாதிரி இருந்தது. கழுத்து வலிக்கும்வரை பார்த்தோம்.

ஷிபெனிக் தொப்பி ஆரஞ்சு நிறம், கறுப்பு நூலில் திரும்பத் திரும்ப வரும் பூவேலை. ஊர்க் கால்பந்து அணிக்கும் அதே ஆரஞ்சு. அதைச் செய்யும் கைவினை நாட்டின் பாதுகாக்கப்பட்ட மரபுகளில் ஒன்று. கடைகளில் அச்சடித்த மலிவுத் தொப்பிகளும் இருக்கின்றன, அவற்றை வாங்காதீர்கள். கையால் தைத்ததைத் தடவிப்பார்த்தால் கறுப்பு நூல் விரலில் தட்டும்.

உள்நாட்டுக் கிராமங்களில், விர்லிகா பக்கம், இதன் உறவான சிவப்புத் தொப்பியை ஆண்கள் மட்டுமல்லாமல் கல்யாணமாகாத பெண்களும் போட்டார்கள். கல்யாணமானதும் சிவப்பு போய் வெள்ளைத் துணி வரும். அப்பாவும் மகளும் ஒரே மாதிரி சிவப்புத் தொப்பியில் ஆடு மேய்க்கப் போகும் காட்சியை மனதில் வைத்துக்கொண்டு தெற்கே போகும் வண்டியில் ஏறினேன். 2022-இல் திறந்த பெல்யெஷட்ஸ் பாலம் வந்த பிறகு, நடுவில் போஸ்னியா எல்லைக்குள் புகுந்து வெளியேற வேண்டியதில்லை. இரவு துப்ரோவ்னிக்.

நாள் 10, ஞாயிறு. சிலிப்பி

துப்ரோவ்னிக்குக்குத் தெற்கே கோனாவ்லே என்ற பள்ளத்தாக்கு. துப்ரோவ்னிக் குடியரசு இதை 1419-லும் 1426-லும் இரண்டு பாதியாக விலைக்கு வாங்கியது. விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் கிராமம் சிலிப்பி. வசந்தம் தொடங்கி இலையுதிர் காலம்வரை ஞாயிறு பூசை முடிந்ததும் தேவாலயத்தின் முன்னால் உள்ளூர்க்காரர்கள் பழைய உடையில் ஆடுகிறார்கள்.

யூகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த 1991 போரில் இந்தக் கிராமத்தின் நடுப்பகுதி எரிந்தது. கோனாவ்லே முழுக்க வீடுகள் சூறையாடப்பட்டன. வீட்டோடு பெட்டி எரிந்தால் பெட்டிக்குள் இருந்த துணியும் போயிற்று. இன்று இங்கே ஒரு பழைய பூவேலையைப் பார்க்கிறோம் என்றால், யாரோ ஒருத்தி ஓடும்போது அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

பூவேலை பட்டு நூலில். இந்தப் பள்ளத்தாக்கில் பெண்கள் வீட்டிலேயே பட்டுப்புழு வளர்த்தார்கள். முட்டைகள் பொரிய உடல் சூடு வேண்டும் என்று மார்போடு வைத்துக் காத்தார்கள் என்று சொல்கிறார்கள். அந்தப் பட்டுக்குச் சாயமேற்றி, துணியின் இழைகளை எண்ணி எண்ணி மார்பிலும் கையோரத்திலும் தைத்தார்கள். மார்பில் பொன்மஞ்சள் குஞ்சம் தொங்கும்.

ஆட்டம் லின்ஜோ. 'லியெரிட்சா' என்ற மூன்று தந்தி வாத்தியத்தை ஒருவர் முழங்கால் மேல் நிறுத்தி வாசிக்க, தரையைக் காலால் தட்டிக்கொண்டே வேகம் கூட்டுகிறார்கள். நான் கால்களைப் பார்க்கவில்லை. பத்து நாள் பழக்கம், கண் தலைகளுக்குத்தான் போனது. சின்னதாக, வட்டமாக, சிவப்புத் தொப்பி போட்டவர்கள் கல்யாணமாகாதவர்கள். கஞ்சி போட்ட வெள்ளைத் துணி, இரு பக்கமும் பறவை இறக்கை போல விரிந்து, வேகமாகத் திரும்பும்போது காற்றைப் பிடித்து லேசாக நடுங்குகிறதே, அவர்கள் மணமானவர்கள். சிவப்பு, சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை. ஒரு வார்த்தை தெரியாத ஊரில் ஒரு வரிசையையே படிக்க முடிந்தது. சந்தோஷமாக இருந்தது.

ஆட்டம் முடிந்து நிழலில் நின்றவர்களில் வெள்ளைத் துணிப் பெண் ஒருவர் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதிருக்கும். இறக்கையின் ஒரு பக்கம் ஊசி நழுவிச் சரிந்திருந்தது. அக்கா கேட்காமலே கிட்டே போய், "சரி பண்ணட்டுமா?" என்று தமிழிலேயே கேட்டாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்து கொடுத்தார்.

நான் பேச்சுக் கொடுத்தேன். எங்கள் பயணத்தைச் சொன்னேன், சிவப்பு எது வெள்ளை எது என்று கற்றுக்கொண்டதையும் சொன்னேன். உங்கள் கணவரும் ஆடுகிறாரா என்று கேட்டேன்.

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை" என்றார். "சிவப்புத் தொப்பிதான் போட வேண்டும், தெரியும். ஆனால் இது என் பாட்டியின் துணி. எங்கள் வீட்டிலிருந்து தப்பியது இது ஒன்றுதான். நான் போடாவிட்டால் இது பெட்டியில்தான் கிடக்கும்."

அக்காவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். வாயில் ஊசி இருந்ததால் அவள் பதில் பேசவில்லை. மடிப்பை நீவி, விளிம்பில் ஒரு பழைய தைப்பு இருந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டுப் பார்த்து, அதைத் தவிர்த்து ஒரு அங்குலம் தள்ளி ஊசியைக் குத்தினாள்.